செம்மேட்டுக்கு ஏறுவது ஏன்?

அப்போஸ்தலர் நடபடிகளின் இறுதி அதிகாரத்தை வாசிக்கும் நாம் ரோமாபுரியை நோக்கியே விரைகின்றோம். பவுல் இராயனுடைய நகரத்தை எப்பொழுது அடைவார் என்பதே நம் கவனமாயிருக்கின்றது. ஆனால் நூலாசிரியராகிய லூக்கா இடையிலுள்ள சிறு துறைகளையும் விட்டுவிடாமல் குறித்து வைத்துள்ளார். சீரகூசாவுக்குப் பின் ரேகியு, அங்கே ஒருநாள். பிறகு தென்றற்காற்று எழும்ப, புத்தேயோலி, அங்கே சகோதரருடன் ஏழு நாட்கள் (அப். 28:12-14). ரேகியு என்பது இத்தாலி நாட்டின் தென்கோடியில் கலபிரியாக் கடற்கரையில் இன்றைக்கும் இருக்கும் ரெஜியோ நகரமே. இத்தாலிக்குச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் என்று பெருநகரங்களைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். பவுலின் கப்பல் தங்கிய தென்கரையை நாடிச் செல்வோர் சிலரே. நற்செய்தியோ பெருநகரத்தைச் சென்று சேருமுன் சிறு துறைகளில் தங்கியே சென்றது. புத்தேயோலியில் பவுலை வரவேற்ற சகோதரர்களை அவர் உண்டாக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவர் வந்து சேருமுன்னரே அவர்கள் அங்கு இருந்தனர்.

இதனை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. நம் திருச்சபைகளில் பயணம் என்றவுடன் புனித பூமிச் சுற்றுலா நினைவுக்கு வருகின்றது. இறையியல் கல்லூரிகளில் கல்விச் சுற்றுலா என்றாலோ நீலகிரியும் கொடைக்கானலும் முதலிடம் பெறுகின்றன. அவை வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆயினும், நம் மாநிலத்தின் நடுவிலேயே ரேகியுவைப் போல் நாம் கடந்து போய்விடும் இடம் ஒன்று இருக்கின்றது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையும் அதன் தலைமை ஊராகிய செம்மேடுமே அது. போதகரும் இறையியல் மாணவரும் ஒருமுறையேனும் அங்கு ஏறிச் செல்லவேண்டும் என்பதற்குரிய காரணங்களை இக்கட்டுரையில் ஆராய்வோம். எவ்வாறு ஏறவேண்டும் என்பதையும் சேர்த்தே சிந்திப்போம். ஏனெனில் தவறான முறையில் ஏறுவதைக்காட்டிலும் ஏறாதிருப்பது நலம்.

1. இடமும் வழியும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவல்லி என்னும் அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட பாதை மேலேறுகின்றது. வளைவு ஒவ்வொன்றிலும் அதன் எண் குறிக்கப்பட்டுள்ளது. பேருந்தில் வருவோர் அவ்வெண்களை எண்ணிக்கொண்டே ஏறுவர். உச்சியில் சோளக்காடு, அதனைக் கடந்து செம்மேடு. அரசு அலுவலகங்களும் கடைகளும் பேருந்து நிலையமும் உள்ள ஊர் இது. நடுவே குதிரைமேல் அமர்ந்த வல்வில் ஓரியின் சிலை நிற்கின்றது.

இங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளிகள்’ எனப்படுவர். கேரள நாட்டாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் பொருளாகும். இவர்கள் பேசும் மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு. மலையிலுள்ள ஊர்கள் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பல ‘நாடு’களாகப் பகுக்கப்பட்டுள்ளன. இப்பழைய நாட்டுப் பெயர்களே இன்று ஊராட்சிகளின் பெயர்களாகவும் வழங்குகின்றன. சமவெளியிலிருந்து ஏறுகிற நாம், பெயரும் எல்லையும் முறைமையும் உடைய ஒரு சமுதாயத்தின் வாயிலில் நிற்கின்றோம் என்பதை இப்பெயர்ப் பலகைகளே நமக்கு உணர்த்தவேண்டும்.

2. முதற் காரணம்: நமக்கு முன்பே பேசிய மலை

மிஷனெரி வரலாறுகளை வாசித்துப் பழகிய நமக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஓர் இடத்தின் வரலாறு மிஷனெரி அங்குக் காலடி வைத்த நாளில் தொடங்குகின்றது என்று எண்ணிவிடுகின்றோம். கொல்லிமலை இவ்வெண்ணத்தை முதல் நாளிலேயே முறித்துவிடும்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி இம்மலையை ஆண்டவன். அவனுடைய வில்லாற்றலையும் கொடையையும் வன்பரணர் பாடியவை புறநானூற்றில் உள்ளன. திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பதும் சங்கப் பாடல்களால் அறியப்படுவது. காண்போரை மயக்கும் கொல்லிப்பாவையைக் குறுந்தொகையும் நற்றிணையும் குறிப்பிடுகின்றன. பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்கோயில் இறைவனை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் தமிழ் கற்றோர் பலரும் அறிந்த நீதிநூல். கோயிலுக்கு அருகில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கிச் சென்றால், ஐயாறு ஏறத்தாழ முந்நூறு அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுவதைக் காணலாம். மலையில் சமணத் தீர்த்தங்கரரின் சிற்பமும் உண்டு. ஆடி மாதத்தில் ஓரிக்கு அரசு விழா எடுக்கின்றது.

இவற்றையெல்லாம் இறையியல் மாணவர் ஏன் அறியவேண்டும்? அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசத் தொடங்குமுன் சுற்றிப் பார்த்தார். அந்நகரத்தாரின் பலிபீடங்களைக் கவனித்தார், அவர்களுடைய புலவரின் வாக்கையும் அறிந்திருந்தார் (அப். 17:23, 28). கவனிக்காதவன் பேசத் தகுதியற்றவன். ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடப்பட்டுவரும் மலையைக் ‘காடு’ என்றும், அதன் மக்களை ‘ஒன்றும் அறியாதார்’ என்றும் கூறும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கின்றோம். நாமே செய்தும் இருக்கின்றோம். அப்பழக்கத்திலிருந்து விடுபடுவதே செம்மேட்டுப் பயணத்தின் முதற் பலன்.

3. இரண்டாம் காரணம்: வாழவந்தியின் கல்லறைகள்

ஜெசி பிராண்ட் 1885-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வெப்பமண்டல மருத்துவத்தில் குறுகிய பயிற்சி பெற்று, 1907-இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்தவராக இந்தியா வந்தார். சேந்தமங்கலப் பகுதியில் பணிபுரிந்தபோது மேற்கே பார்த்தாலும் கிழக்கே பார்த்தாலும் அவர் கண்ணில் பட்டது மலையே. 1913-இல் எவலின் ஹாரிஸ் என்னும் பெண்மணியை மணந்து, இருவருமாகக் கொல்லிமலையில் குடியேறினர். எவலின் 1879-இல் இலண்டன் நகரத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். வாழவந்தியில் அவர்கள் வீடு அமைந்தது. அக்காலத்தில் கொண்டையூசிப் பாதை கிடையாது. காலால் நடந்தும் டோலியில் சுமக்கப்பட்டும் குதிரையேறியும் போகவேண்டியிருந்தது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் இரவில் அங்குத் தங்கத் தயங்கினர்.

அவர்கள் மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர், தச்சுத்தொழில் கற்றுக்கொடுத்தனர், பயிரும் பழமரங்களும் வளர்க்க உதவினர். ஆனால் ஆண்டுகள் பல கடந்தும் ஞானஸ்நானம் பெற ஒருவரும் முன்வரவில்லை. 1918-19-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலையையும் தாக்கியது. அவர்களை அதுவரை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் மனைவியுடன் நோயுற்றார். அக்கம்பக்கத்தார் அஞ்சி விலகிய வேளையில் பிராண்ட் அவர் வீட்டிற்குள் சென்று பணிவிடை செய்தார். இறக்குந் தறுவாயில் அப்பூசாரி தம் குழந்தைகளை அவர்களிடம் ஒப்படைத்தார் என்பது அக்குடும்பத்தார் பன்முறை எடுத்துக் கூறிய செய்தி. அதற்குப் பின்னரே மலையில் சிறு சபை முளைத்தது.

இக்கதையை நாம் எவ்வாறு சொல்லுகின்றோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். ‘பொறுமையாகக் காத்திருந்தால் எதிரியும் வீழ்வான்’ என்னும் பாடத்தை இதிலிருந்து எடுப்போமானால் நாம் பெரிதும் பிழைபட்டோம். ஒரு தகப்பன் தன் பிள்ளைகளை யாரிடம் விட்டுச் செல்வது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்த வேளை அது. தம்மோடு மாறுபட்டவர்களின் வீட்டை ஆறாண்டுகள் அவர் கவனித்திருந்தார். பிள்ளைகள் அங்கே பசியாற உண்பார்கள் என்று கண்டிருந்தார். எனவே இதனை வெற்றிக் கதையாகக் கூறலாகாது. இறந்துகொண்டிருந்த ஒருவர் அயலார்மேல் வைத்த நம்பிக்கையின் கதை இது. சாட்சி எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை அங்கு அறிந்திருந்தவர் பூசாரியே.

ஜெசி பிராண்ட் 1929 ஜூன் மாதத்தில், மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். வயது நாற்பத்து நான்கு. மகன் பால், ஒன்பது வயதில் கல்விக்காகத் தங்கையுடன் இங்கிலாந்தில் விடப்பட்டவன். அதன் பின் தந்தையைக் காணவேயில்லை. தந்தி முந்திச் சென்றது. தந்தை முன்னரே எழுதியிருந்த கடிதம், மலையின் மரங்களையும் அழகையும் வருணிக்கும் கடிதம், கப்பலேறிப் பிந்திச் சென்றது. மிஷனெரிப் பணியின் விலையைப் பெற்றோர் மட்டும் கொடுக்கவில்லை. கேட்கப்படாமலே பிள்ளைகளும் கொடுத்தனர். போதகர் வீடுகளில் வளரும் பிள்ளைகளை எண்ணும்போது இதனை நாம் மறைத்துப் பேசலாகாது.

எவலின் அம்மையார் தாயகம் சென்று மீண்டும் வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் பணியில் அமர்த்தியது. 1947-இல் வயது அறுபத்தெட்டு ஆனபோது, இனி ஓய்வு பெறலாம் என்றனர். இன்னும் ஓராண்டு மட்டும் தாருங்கள் என்று கேட்டுப் பெற்று வந்தார். அவ்வாண்டு முடிந்ததும் மிஷனுக்கு நன்றி கூறி ஓய்வு பெற்று, தம் சொந்தப் பொறுப்பில் மலையேறிவிட்டார். கொல்லிமலையில் மட்டுமன்றிச் சுற்றியுள்ள பச்சைமலை, கல்வராயன்மலை முதலியவற்றிலும் மட்டக்குதிரைமேலும், பின்னர் இரு மூங்கிற் கோல்களை ஊன்றியும் ஊர் ஊராகச் சென்றார். கடைசி இருபது ஆண்டுகள் தம் குடிலில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கவில்லை என்று அவர் மகன் கூறுவதுண்டு. ‘பாட்டி பிராண்ட்’ என்று உலகம் அறிந்த அவர் 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள். அக்கல்லறைகளின் முன் நிற்பவர், ஓய்வு, பணிமாற்றம், பணிமூப்பு என்று நாம் நாள்தோறும் பேசும் சொற்களை மறுபடியும் எண்ணிப் பார்க்கத் தவறார்.

4. மூன்றாம் காரணம்: கிணற்றடியில் ஓர் இறையியல்

பிராண்ட் குடும்பத்தார் மலையில் எதிர்த்துப் போராடிய நோய்களுள் ஒன்று நரம்புச்சிலந்தி. படிக்கிணறுகளில் இறங்கித் தண்ணீர் மொள்ளுவோரின் கால்கள் நீரில் நனையும். நோயுற்றவரின் காற்புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடிப்போர் உடலில் ஓராண்டு வளர்ந்து, நீண்ட புழுவாக வெளிப்படும். இதற்கு மருந்து கிடையாது. ஆனால் தடுப்பு எளிது: கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, எவரும் நீரில் கால் வைக்காதபடி செய்தல், நீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தல். இதனை ஊர் ஊராகக் கற்பித்ததே அவர்களுடைய பணியின் பெரும்பகுதி. பிற்காலத்தில் நாடு முழுவதும் இதே முறையால்தான் இந்நோய் ஒழிக்கப்பட்டது. 1996-க்குப் பின் இந்தியாவில் நோயாளி எவரும் காணப்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் நம் நாடு இந்நோயற்றது என்று உலக நல நிறுவனம் அறிவித்தது. ஒரு கிணற்றுச் சுவர் கட்டுவது திருப்பணியா அல்லவா என்று வாதிடும் நம் மாணவர்கள், இக்கேள்வியை மலையில் நின்று கேட்டுப் பார்ப்பார்களாக.

1914 ஜூலை 17 அன்று இம்மலை வீட்டாருக்குப் பிறந்த பால் பிராண்ட், முதலில் கட்டடத் தொழிலும் தச்சும் கற்று, பின்னரே மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, மடங்கிப்போன விரல்களையுடைய ஒருவரின் பிடியில் வலிமை எஞ்சியிருப்பதை உணர்ந்தார். கெடாத தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய கையை மீண்டும் விரியச் செய்யலாம் எனக் கண்டார். தொழுநோயரின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி உணர்ச்சி அற்றுப்போவதால் தீயிலும் வெட்டிலும் தேய்விலும் அவை அழிகின்றன என்பதைத் தம் குழுவினருடன் நிறுவினார். வலி ஒரு சாபம் என்று எண்ணிய உலகுக்கு, வலியற்றிருப்பதே பெருந்துன்பம் என்று காட்டியவர் அவர். 2003-இல் அமெரிக்காவில் காலமானார்.

அவர் நினைவுகூர்ந்த சிறுபருவ நிகழ்ச்சி ஒன்று நம் கருத்தை ஈர்க்கின்றது. தொழுநோயர் மூவர் மலைவீட்டிற்கு வந்தனர். எவரையும் தயங்காது தொடுகின்ற தந்தை அன்று கையுறை அணிந்து அவர்கள் கால்களைக் கழுவிக் கட்டினார். தாய் கூடையில் பழங்கள் கொடுத்தார். அவர்கள் போனபின் பிள்ளைகள் அக்கூடையைத் தொடலாகாது என்று தடுக்கப்பட்டனர், கூடை எரிக்கப்பட்டது. அன்பும் அச்சமும் ஒரே வீட்டில் ஒரே நாளில் இருந்தன. அக்காலத்து அறிவு அவ்வளவே. பெற்றோர் கையுறையோடு தொட்ட கைகளை மகன் வெறுங்கையால் பற்றினார். பரிசுத்தவான்களின் வரலாற்றை மெழுகிப் பூசாமல் உண்மையாகச் சொன்னால் அது குன்றுவதில்லை. அடுத்த தலைமுறைக்குரிய பணி எது என்பது அப்பொழுதே தெளிவாகின்றது.

5. நான்காம் காரணம்: இன்றைய மலை

கல்லறைகளை மட்டும் கண்டு இறங்குவோர் பாதிப் பயணமே செய்தவராவர். ‘ஜீவனுள்ளவரை மரித்தோரிடத்தில் தேடுவானேன்’ என்னும் பொருளில் எழுந்த வினா நம்மையும் கேட்கின்றது (லூக். 24:5).

சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகிய சிறுதானியங்கள் இம்மலையின் பழம்பயிர்கள். சேலம், நாமக்கல் வட்டாரச் சவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி வயல்களைப் பிடித்துக்கொண்டது. மரவள்ளி பணம் தருகின்றது. சாமையோ வீட்டில் சோறாகின்றது. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் உழைப்பு பெண்கள் தோளில் விழுந்ததும் அப்பயிர் குறைந்ததற்கு ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கு உழவரோடு சேர்ந்து பழைய வித்துகளைக் காத்தும், தானியம் உடைக்கும் சிறு இயந்திரங்களைப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தும் வந்துள்ளது. ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை’ என்று வேண்டக் கற்பிக்கும் நாம், அந்த ஆகாரம் எந்த வயலில், யாருடைய கையால், எந்த விலைக்கு விளைகின்றது என்பதை அறியாது இருத்தல் தகுமா? மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கிடையே காப்பித் தோட்டங்களும், பலாவும் அன்னாசியும் மலைவாழையும் நிறைந்த இம்மலையில், விளைவிப்போர் பெறும் விலைக்கும் அடிவாரச் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒருநாள் கேட்டறிந்தாலே போதும். ஆமோஸ் புத்தகம் வேறுவிதமாக ஒலிக்கும்.

6. எவ்வாறு ஏறவேண்டும்?

முதலாவது, ஒருநாட் பயணமாகப் போகலாகாது. காலையில் ஏறி, அருவியில் குளித்து, கல்லறைமுன் புகைப்படம் எடுத்து, மாலையில் இறங்குவோர் எதையும் கண்டவராகார். பவுல் புத்தேயோலியில் தங்கிய ஏழு நாட்கள் கிட்டாவிட்டாலும், இரண்டு இரவுகளேனும் தங்கவேண்டும்.

இரண்டாவது, மக்களைக் காட்சிப்பொருளாக்கலாகாது. ஊருக்குள் நுழையுமுன் ஊர்ப்பெரியவரைக் கண்டு பேசுதல் அங்குள்ள மரியாதை. அனுமதியின்றி வீட்டையும் குழந்தைகளையும் படம் பிடித்தல் தவறு. துண்டுப் பிரசுரங்களைப் பேருந்துச் சன்னலிலிருந்து வீசிச் செல்லுதல் அதனினும் பெருந்தவறு. விருந்தினராகச் செல்வோர் விருந்தினராகவே நடந்துகொள்ளவேண்டும்.

மூன்றாவது, அங்குள்ள சிறு சபைகளைக் கற்பிக்கப் போகாமல், அவற்றிடம் கேட்கப் போகவேண்டும். மூன்று தலைமுறைகளாக அவர்கள் காத்துவந்துள்ள விசுவாசத்தை நாம் கண்டுபிடித்ததாகக் கருதலாகாது. புத்தேயோலியின் சகோதரர்கள் பவுலுக்கு முன்னரே அங்கு இருந்தனர்.

நான்காவது, இயலுமானால் பாதையின் ஒரு பகுதியையேனும் நடந்து ஏறுக. எழுபது வளைவுகளில் ஏழு வளைவு நடந்தவர்க்கும், தொண்ணூறு வயதில் இரு கோல்களை ஊன்றி நடந்த மூதாட்டி கதையில் வரும் பாத்திரமாகத் தோன்றார். மூச்சு வாங்கி நின்ற ஒரு மனிதராகத் தோன்றுவார்.

முடிவாக ஒன்று. பெரிய இடங்களைக் காணும் பயணம் நம் அறிவைப் பெருக்குகின்றது; சிறிய இடங்களைக் காணும் பயணம் நம் அளவுகோலை மாற்றுகின்றது. ஆறாண்டுகளில் ஒருவரும் சேராத பணியை நம் சபைகளின் ஆண்டறிக்கை எந்தப் பத்தியில் எழுதும்? சுவர் எழுப்பப்பட்ட கிணறுகளின் எண்ணிக்கையை எந்தக் குழு கேட்கும்? இறக்குந் தறுவாயில் ஒரு தகப்பன் தன் பிள்ளையை நம்பி ஒப்படைக்கத்தக்க வீடு நம் ஊரில் நம்முடையதா? இவ்வினாக்களோடு மலையிலிருந்து இறங்கி வருவோமாயின், செம்மேட்டுக்கு ஏறிய பயன் நமக்கும் நம் சபைகளுக்கும் கிட்டியதாகும்.